கல் முந்திக்கொண்டது

அம்மான் நகரில் விசா முடிந்தும் தங்கிவிட்டவனின் நிலைமையைப் பேருந்தில் டிக்கெட் இல்லாமல் ஏறியவனோடு ஒப்பிடுவார்கள். அது தவறு. டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிடுவார்கள். எங்களை இறங்க விடமாட்டார்கள். வெளியேறும் வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். அனுமதி இல்லாமல் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் கேட்பான். அந்த அபராதத்தைச் சம்பாதிக்க இன்னும் கொஞ்ச காலம் தங்க வேண்டும். தங்கினால் அபராதம் ஏறும். இந்தச் சக்கரத்தைக் கண்டுபிடித்த மேதைக்கு ஏன் யாரும் சிலை வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தச் சக்கரத்தில் சுற்றிய எகிப்தியர்களில் ஷெஹாத்தாவும் ஒருவன், நானும் ஒருவன். எங்கள் இருவருக்கும் ஊர் கஃப்ர் தூத். அவன் மேற்கு அம்மானில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாள். மாடிப்படிக்குக் கீழே கொதிகலன் பக்கத்தில் படுக்கை. கார் கழுவுவான், எரிவாயு உருளை தூக்குவான், மூன்றாம் மாடி அம்மாளின் நாயை நடத்திக்கொண்டு போவான். அவனுக்கு அனுமதி எடுத்துக்கொடுத்த கட்டட உரிமையாளர் இறந்துபோனார். வாரிசுகள் கட்டடத்துக்காக வழக்குப் போட்டுக்கொண்டார்களே தவிர, காவலாளுக்காக யாரும் போட்டுக்கொள்ளவில்லை. அப்படித்தான் அவன் அனுமதி செத்தது. நான் ஹாஷிமிப் பேட்டையில் ஃபலாஃபில் பொரித்துக்கொண்டிருந்தேன். ஊரில் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய பாவத்துக்கு எல்லோரும் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. குறித்த தேதிக்குள் கிளம்புகிறவனுக்கு அபராதம் கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் பழைய பாக்கி முழுக்கத் தலையில் விழும், கூடவே லாக்கப்பும்.

அறிவிப்பு வந்த அன்று மாலை ஷெஹாத்தா என் கடைக்கு ஓடிவந்தான். நான் எண்ணெயில் கரண்டியோடு நின்றேன். என் வலது கையைப் பிடித்து இழுத்தான்.

"கையைக் குடு வாத்தியாரே."

"எண்ணெய்க் கைடா."

"பரவால்ல, குடு. கட்டை விரலை நிமித்து. ஆங், அப்படி."

தன் கட்டை விரலை என் கட்டை விரலோடு அழுத்திவைத்து, கல்லாவில் இருந்த துடைக்கும் காகிதத்தை எடுத்து இரண்டு கைகளையும் மூடினான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "என் மகள் ராவியாவை, அல்லாஹ்வோட முறைப்படி, உனக்குக் கட்டிக் குடுத்தேன்."

"கபூல், ஏத்துக்கிட்டேன்" என்றேன். "சீர் என்ன போடுறே?"

அவன் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் நிக்காஹ் என்றால் அதுதான்: பெண்ணின் தகப்பன் கையும் மாப்பிள்ளை கையும், மேலே வெள்ளைக் கைக்குட்டை, சுற்றிலும் ஊர். ராவியா பிறந்தபோது இவன் இங்கே. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது இங்கே. காய்ச்சலில் கிடந்தபோது இங்கே. இவன் அனுப்பிய பணத்தில் எழும்பிய மாடிக்கு இவன் அண்ணன் பக்ரி பூட்டுப் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் தொங்கவிட்டிருந்தான். ஷெஹாத்தாவின் மனைவி மாடிக்குத் துணி காயப்போடக்கூட அவனைக் கேட்க வேண்டும். ராவியாவைத் தன் மகனுக்கே முடிக்கப் பார்த்தான் பக்ரி. அந்தப் பையன் பிறந்த நாள் முதல் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு தொழில் கற்றவனல்ல. பெண் மாட்டேன் என்றாள். "அப்பன் இல்லாத பொண்ணுக்கு நான்தான் அப்பன், நான் சொன்னாத்தான் கல்யாணம்" என்று பக்ரி ஊர் நடுவில் சொல்லிவிட்டான். அந்தச் சொல் கடல் தாண்டி வந்து கொதிகலன் பக்கத்தில் படுத்திருந்தவனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது பக்கத்து ஊர் ஹம்தானோடு பேச்சு முடிந்திருந்தது. பையன் பட்டாளத்தில், விடுப்பு வாங்கி வருகிறான். கெடு முடிகிற வாரத்தின் வியாழக்கிழமை நிக்காஹ்.

"அந்தக் கைக்குட்டைக்குக் கீழே என் கை இருக்கணும் வாத்தியாரே. அவன் கை இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அப்புறம் என்னை வெட்டிப் போட்டாலும் சரி."

"அப்படின்னா நாளைக்கே கிளம்பு."

கிளம்பியிருப்பான். ஆனால் எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது.

கஃப்ர் தூத் மைந்தர் சங்கம், அம்மான் கிளை. வேறு எங்கும் கிளை கிடையாது, தலைமையகமும் கிடையாது. ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தன. அவற்றுக்குத் தலைவர் ஹாஜி அப்துல் மவ்ஜூத். பூச்சு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். கோடையிலும் கம்பளி அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்ப்பார். கௌரவத்துக்கு வேர்வை ஒரு தடையல்ல. "சட்டத்தை மதிக்கிறவன்தான் எகிப்தியன்" என்று வெள்ளிதோறும் முழங்குவார். அவருடைய அனுமதியும் எப்போதோ செத்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொதுமன்னிப்பில் நீங்களும் போகலாமே ஹாஜி என்று ஒருவன் கேட்டதற்கு, "கேப்டன் கடைசியாத்தான்டா கப்பலை விட்டு இறங்குவான்" என்றார். எங்கள் கப்பலுக்குக் கேப்டன் இருக்கும் செய்தியே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

ஹாஜி ஷெஹாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"திருடன் மாதிரி சொல்லாம கொள்ளாமப் போறதா? சங்கம் வழியனுப்பும். ஊருக்கு ஒரு அமானத்தும் குடுத்தனுப்பறேன். அது தயாராகட்டும்."

அமானத் என்ற சொல்லைக் கேட்டதும் ஷெஹாத்தா அடங்கிவிட்டான். ஊருக்குப் போகிறவன் மற்றவர்களின் பொட்டலங்களைச் சுமப்பது எங்களிடம் சட்டத்துக்கும் மேலே. ஒருவன் போர்வை கொடுப்பான், ஒருவன் சோப்பு, ஒருவன் அம்மாவுக்கு முழங்கால் பட்டை. மாட்டேன் என்று சொன்னவன் பெயர் மூன்று தலைமுறைக்கு ஊரில் அடிபடும். பிரித்துப் பார்த்தவன் பெயர் அதற்கும் மேலே.

அமானத் தயாராக வாரக்கணக்கில் ஆனது. கெடுவுக்கு முந்தின நாள்தான் வழியனுப்பு விழா. என் எண்ணெய்ச் சட்டியை வாங்க ஆள் கிடைப்பதற்கும் அதுவரை ஆகிவிட்டதால், ஒரே பேருந்துக்கு நானும் டிக்கெட் எடுத்தேன்.

விழாவில் ஹாஜி நெடுநேரம் பேசினார். "ஷெஹாத்தா போறான்னு சொல்லாதீங்க. கஃப்ர் தூத்தோட பெருமை போகுது, நம்ம தூதர் போறார்" என்றார். தூதர் வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பேச்சு முடிந்ததும் இரண்டு பேர் ஒரு சாமானைத் தூக்க முடியாமல் தூக்கிவந்தார்கள். புலி படம் போட்ட கம்பளியில் சுற்றி, நாலு பக்கமும் சணலால் தைத்திருந்தது.

"பள்ளிவாசல் வாசல்ல குடிதண்ணிக் கூலர் வச்சுக் குடுத்திருக்கோம்ல? அதுக்கு மேலே பதிக்கறதுக்கு ஒரு சின்னக் கல்லு" என்றார் ஹாஜி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "யார் குடுத்ததுன்னு ஒரு ஜீவனுக்கும் தெரியக் கூடாது. வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாத தர்மம் இது. திரை விலக்குற நாள்லதான் தெரியணும். சத்தியம் பண்ணு."

"சத்தியமா சொல்லமாட்டேன் ஹாஜி."

"இது என்ன சத்தியம், டீக்கடைச் சத்தியம்? தலாக் மேல சத்தியம் பண்ணு."

எங்கள் ஆண்கள் மூச்சுக்கு மூச்சு தலாக் மேல் சத்தியம் செய்பவர்கள்தான். "நீ இன்னொரு துண்டு கறி சாப்பிடலேன்னா என் பொண்டாட்டி தலாக்" என்று விருந்தாளியை மிரட்டுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கஃப்ர் தூத்தில் கல்யாணமான பெண் ஒருத்திகூட மிச்சமிருக்கக் கூடாது. ஆனால் ஷெஹாத்தா வாழ்நாளில் அந்தச் சத்தியத்தைச் செய்தவனல்ல. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் வெளுத்துப்போய், "யாரோடதுன்னு சொன்னா என் பொண்டாட்டி எனக்கு முத்தலாக்" என்றான். ஹாஜி அவன் நெற்றியில் முத்தமிட்டார்.

மறுநாள் காலை அகபா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கெடுவின் கடைசி நாள், எகிப்துக் கரையிலுள்ள நுவைபாவுக்குக் கடைசிப் படகு. கூடம் முழுக்க எங்கள் ஆட்கள். மின்விசிறி, தையல் இயந்திரம், கட்டில் கால், கயிறு கட்டிய தொலைக்காட்சிப் பெட்டி என்று ஒவ்வொருவனும் ஒரு கடையையே முதுகில் கட்டியிருந்தான். முதலில் சாமான் சோதனை, அதற்கப்புறம் கண்ணாடி ஜன்னலில் மன்னிப்பு முத்திரை, அப்புறம் படகு. என் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டார்கள். ஷெஹாத்தா புலிக் கம்பளியை மேசைமேல் ஏற்றியபோது மேசை முனகியது.

சோதனைச் சிப்பாய் கத்தியால் சணலை அறுத்தான். கம்பளி விலகியது. நானும் அப்போதுதான் பார்த்தேன்.

சின்னக் கல்! கதவு அகலப் பளிங்குப் பலகை. அதில் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல்களில் இருப்பதுபோல, கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கடுக்கான கூஃபி என்னும் பழைய அரபு எழுத்து. ஒரு சொல் படிக்க முடியவில்லை. கல்லோ கிழவன் பல்லைப்போலப் பழுப்பேறி, ஒரு மூலை உடைந்திருந்தது. புதுக் கல் வைத்தால் புதுப் பணக்காரன் என்பார்கள் என்று, ஹாஜிதான் கல்தச்சனிடம் சொல்லி மூலையைத் தட்டி, டீச்சாயத்தில் நாள் கணக்காக ஊறவைத்திருக்கிறார். வாரக்கணக்கில் தாமதமானது அதனால்தான். இது பிற்பாடு தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: ஷெஹாத்தா இடிபாடு எதிலிருந்தோ பழங்காலக் கல்வெட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறான்.

சிப்பாய் நல்லவன். சோம்பேறிகளில் நிறைய நல்லவர்கள் உண்டு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இதை இங்கேயே போட்டுட்டுப் போயிடு. நான் எதையும் பார்க்கலை, நீயும் எதையும் கொண்டுவரலை."

"போட்டுடு" என்று அவன் முழங்கையில் கிள்ளினேன். "ராவியாவை நினைச்சுப் போட்டுடு."

"அமானத் வாத்தியாரே. எப்படிப் போட முடியும்?" பிறகு சிப்பாயைப் பார்த்து இரண்டு கைகளாலும் கல்லை அணைத்துக்கொண்டு கத்தினான்: "என் உசுரு போனாலும் இதை விடமாட்டேன்!"

அந்தக் கத்தல் உள்ளறையிலிருந்த அதிகாரியை வெளியே கொண்டுவந்தது. இளம் வயது, இஸ்திரி போட்ட சட்டை, புருவம்கூட இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. கல்லைச் சுற்றி வந்தார்.

"யாரோடது இது?"

ஷெஹாத்தா தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான்."

"என்னோடது இல்லை பாஷா."

"அப்போ யாரோடது?"

"சொல்ல முடியாது பாஷா."

"ஏன்?"

"சொன்னா என் பொண்டாட்டி எனக்கு ஆகமாட்டா."

"தலாக் சத்தியமா? எத்தனை தடவை?"

"முத்தலாக் பாஷா."

"அடப்பாவி" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு. அதற்குப் பிறகு கடமை நினைவுக்கு வந்தது. "பழங்காலக் கல்லு, சொந்தக்காரன் பேர் சொல்லமாட்டேங்கிறே. இது என்ன கேஸ் தெரியுமா உனக்கு?"

எனக்குச் சத்தியம் ஏதும் இல்லை. மனைவியும் பல வருஷங்களுக்கு முன்பே என்னிடமிருந்து பிழைத்துக்கொண்டாள். "நான் சொல்றேன் பாஷா" என்று முன்னே போனேன். "ஹாஜி அப்துல் மவ்ஜூத் குடுத்தது. அம்மான்ல இருக்கார். எங்க சங்கத் தலைவர். பழசும் இல்ல ஒண்ணும் இல்ல, புதுக் கல்லு."

"நம்பர் இருக்கா?"

என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஹாஜியின் குரல் கம்பளி அங்கியோடு வந்தது.

"கஃப்ர் தூத் மைந்தர் சங்கம், தலைவர் பேசறேன்!"

"அகபா துறைமுகம், சுங்கத்திலேர்ந்து பேசறோம். ஷெஹாத்தான்னு ஒருத்தர் கையில கல்லு குடுத்தனுப்பினீங்களா?"

அப்புறம் அதே வாயிலிருந்து வேறொரு குரல் வந்தது, மெலிந்து, கூன் போட்டு: "ஹாஜி வெளியூர் போயிருக்காரு எஜமான். நான் இங்கே கூட்டிப் பெருக்குறவன்."

"இப்பத்தானே தலைவர்னு சொன்னீங்க?"

"பழக்கதோஷம் எஜமான். ஷெஹாத்தாவா? அப்படி யாரையும் ஹாஜிக்குத் தெரியாது." தொடர்பு அறுந்தது.

அதிகாரி கைப்பேசியை என் கையில் வைத்தார். "இன்னும் யாரையாவது கூப்பிடணுமா?"

மேசைமேல் கிடந்த கல்லில் அப்துல் மவ்ஜூத் என்ற பெயர் அங்குல ஆழத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. கூடத்தில் இருந்த ஒருவனுக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவன் வாய்க்குப் பூட்டு; சொன்ன நான் பொய்யன்.

"தொல்பொருள் ஆளை வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "அவர் பார்த்துச் சொல்லட்டும்."

"கல்லை வச்சுக்கிட்டு அவனை விட்டுடுங்க பாஷா. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"முன்னாடியே விட்டுட்டுப் போயிருந்தா போயிருக்கலாம். இப்போ கல்லுக்கு அவன்தான் சாட்சி."

தொல்பொருள் ஆள் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டவர் தூங்கப் போனார். படகு ஊதியது. மன்னிப்பு ஜன்னலில் வரிசை கரைந்துகொண்டே வந்தது. என் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்ததும் திரும்பி ஷெஹாத்தாவிடம் ஓடினேன். அவன் பெஞ்சில் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு உட்கார்ந்திருப்பவனைப் போல. எழுந்து என் கையைப் பிடித்தான். கட்டை விரலைக் கட்டை விரலோடு அழுத்தினான்.

"என் கையா நீ போ வாத்தியாரே. காஜியார்கிட்ட சொல்லு, ஷெஹாத்தா சார்பா நான் நிக்கறேன்னு சொல்லு. பக்ரி கையை மட்டும்..."

முடிக்கவில்லை. எனக்குப் பின்னால் படகுக்கு ஏறும் பாலத்தைத் தூக்கப்போவதாகக் கத்தினார்கள்.

நான் போன பிறகு நடந்ததை அவன் பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். தொல்பொருள் ஆள் மாலைத் தொழுகைக்கு அப்புறம் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லின் மேல் குனிந்தார். முதல் வரியிலேயே தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தமாகப் படித்தாராம்: "வள்ளல்களின் மகன் வள்ளல், அந்நிய மண்ணில் அநாதைகளின் தந்தை, தர்மங்களின் கடல், கஃப்ர் தூத் மைந்தர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர், ஹாஜி அப்துல் மவ்ஜூத் இந்தக் குளிர்நீர்ப் பெட்டியை நிறுவினார்." விரலை நாக்கில் தொட்டுக் கல்லில் தேய்த்துவிட்டு, "டீ" என்றாராம். "நல்ல டீ. ஏலக்காய்கூடப் போட்டிருக்கான்."

சிப்பாய்கள் சிரித்துச் சிரித்துக் கல்லோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. ஷெஹாத்தாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். ஜன்னல் மூடியிருந்தது. மன்னிப்பும் மூடியிருந்தது. கணினியில் அவன் பெயருக்கு எதிரே பழைய பாக்கி முழுவதும் சிவப்பில் திரும்பி வந்திருந்தது.

"கல்லு போகலாம்" என்றாராம் அதிகாரி. "அதுமேல ஒரு தப்பும் இல்லை. நீதான் போக முடியாது."

வியாழக்கிழமை நான் கஃப்ர் தூத்தில் ஷெஹாத்தாவின் வீட்டு முற்றத்தில் நின்றேன். ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், கன்று அறுத்திருந்தார்கள். ஹம்தானின் விடுப்பு மறுநாள் முடிகிறது. பொழுது விடிந்ததும் பட்டாளத்துக்குப் போக வேண்டும். தள்ளிப்போடலாம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ராவியா நினைத்தாள். உள்ளேயிருந்து, "அப்பா வர்ற வரைக்கும் வேண்டாம்" என்று ஒரு தடவை குரல் வந்தது. அதைப் பெண்கள் குலவை போட்டு மூடிவிட்டார்கள்.

நான் காஜியார் முன்னால் போய் உட்கார்ந்தேன். "பெண்ணோட தகப்பன் சார்பா நான் நிக்கறேன். அவனே என் கையைப் பிடிச்சுச் சொல்லி அனுப்பினான்."

பக்ரி புது ஜிப்பாவில் சாவிக்கொத்தோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். "வா வாத்தியாரே, வா. காகிதம் இருக்கா?"

"என்ன காகிதம்? வாய்ச் சொல்தான்."

"தூதரக முத்திரை போட்டது ஏதாவது?"

"அவன் லாக்கப்ல இருக்கான் பக்ரி. கொடுத்தனுப்பின ஒரே முத்திரை இந்தக் கைதான்."

"லாக்கப்பா?" பக்ரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "கேட்டீங்களா? மகள் கல்யாணத்தன்னைக்கு லாக்கப். எவ்வளவோ சொன்னேன், குடும்பப் பேரைக் கெடுக்காதேன்னு." பிறகு என்னிடம் அன்பாக: "ஃபலாஃபில் பொரிக்கிற கையை வச்சு எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக்குடுக்கச் சொல்றியா? மாப்பிள்ளை கை வழுக்கிடும்யா."

முற்றம் சிரித்தது. காஜியார் இருமினார். "தகப்பன் இல்லாத இடத்துல பெரியப்பாதான். பத்திரம் இருந்தா வேற விஷயம்" என்றார். வெள்ளைக் கைக்குட்டை வந்தது. ஓரத்தில் பச்சைப் பூ வேலை, ராவியாவே தைத்தது. அதற்குக் கீழே பக்ரியின் மோதிரக் கை நுழைந்தது. அந்தக் கட்டை விரல் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. கறி நன்றாக வெந்திருந்தது. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கல்லுக்கு விசா வேண்டியதில்லையே. அது சுத்தமானது என்று தெரிந்ததும் ஹாஜிக்கு ஷெஹாத்தாவையும் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த படகில் முறையான அனுமதியோடு ஊருக்கு வந்த ஒருவனின் சுமையில் அது ஏறி, நுவைபா தாண்டி, பாலைவனம் தாண்டி, புலிக் கம்பளிக்குள் சௌகரியமாக வந்து இறங்கியது. திறப்பு விழாவுக்குத் தலைமை பக்ரி. கல்லைச் சுமந்த தம்பியின் குடும்பத்தின் சார்பாக அவன் திரையை விலக்கினான். யாராலும் படிக்க முடியவில்லை. இமாம் கிட்டே போய்ப் பார்த்து, தாடியைத் தடவி, "மாஷா அல்லாஹ், ஆழமான வார்த்தைகள்" என்றார். இமாமே சொன்ன பிறகு அது குர்ஆன் வசனம் என்று முடிவாகிவிட்டது. கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ஹாஜிக்குச் செய்தி போனது. உண்மையைச் சொல்ல அவர் துடித்திருப்பார். ஆனால் குர்ஆன் வசனத்தை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள் என்று எந்த வள்ளலால் கேட்க முடியும்? இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

ஷெஹாத்தா அறுவடை முடிகிற சமயத்தில் வந்தான். இன்னொருவனோடு சேர்த்து மணிக்கட்டைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். இனி அந்த நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று கடவுச்சீட்டில் முத்திரை. கையில் ஒரு சாமானும் இல்லை. கஃப்ர் தூத்துக்கு வெறுங்கையோடு வந்திறங்கிய முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

பேருந்து பள்ளிவாசல் முன்னால் நிற்கும். அவன் இறங்கி நேரே கூலருக்குப் போனான். குழாயைத் திருகினான். வரவில்லை. மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதில் தகராறு, இணைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு கிழவர் கல்லைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, "நீதானே இதைக் கொண்டுவர்றதுக்குக் கஷ்டப்பட்டே? இதுல என்ன வசனம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

திரை விலக்கியாயிற்று, சத்தியமும் முடிந்துவிட்டது. அவன் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி விடாமல் அவனுக்கு மனப்பாடம். என்னைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான். "பொறுமையைப் பத்தின வசனம் மாமா" என்றான்.

வீட்டில் அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருக்க வேண்டும், எப்போதோ அழுது முடித்திருந்தாள்.

"பேரைச் சொன்னியா?" என்று கேட்டாள். சத்தியத்தின் கதை அவளுக்கு என் மூலம் தெரியும்.

"சொல்லலை."

"நல்லது. என் கல்யாணத்தைக் காப்பாத்திட்டு, மக கல்யாணத்தைத் தொலைச்சுட்டு வந்திருக்கே. உள்ளே வா, சாப்பாடு ஆறுது."

மாடிச் சாவி அப்போதும் பக்ரி இடுப்பில்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராவியா வந்தாள், பின்னால் ஹம்தான். பட்டாளத்தை முடித்திருந்தான், தலைமுடி அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. ராவியா தகப்பன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் எடுக்கவில்லை. ஹம்தான் என்ன செய்வதென்று தெரியாமல், "அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா வந்தீங்களே மாமா" என்று எதிரே உட்கார்ந்து கையை நீட்டினான்.

ஷெஹாத்தா ரொட்டியைக் கீழே வைத்தான். கையை ஜிப்பாவில் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தான். குலுக்கவில்லை. கட்டை விரலை நிமிர்த்தி, பையனின் கட்டை விரலைத் தேடி அழுத்தி வைத்தான். அவன் உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. அந்த வார்த்தைகளை ஏற்கனவே வேறொருவன் சொல்லி, ஊர் கேட்டு, காஜியார் எழுதி முடித்தாயிற்று.

"என்ன மாமா?" என்றான் ஹம்தான்.

"ஒண்ணுமில்லப்பா. எவ்வளவு கனம்னு பார்த்தேன்."

கையை விடவில்லை. ராவியா உள்ளே போய் ஒரு துணியை எடுத்துவந்தாள். ஓரத்தில் பச்சைப் பூ வேலை இருந்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஹம்தான் என்னைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான், தன் கையை எப்போது திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.